ஊரை இழந்தவர் வரைந்த அன்னை

கொங்கு நாட்டுப் பங்குகள் பலவற்றில், திருவிழாக் கொடியேறியதும் அன்னை மரியாவின் சுரூபத்திற்குப் புதுச் சேலை உடுத்துவது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். நேர்ச்சையாகச் சேலை கொண்டுவருவோர் உண்டு. நூற்பாலையில் வேலை செய்து சேர்த்த காசில் அன்னைக்கென்று பட்டு எடுத்த பெண்களும் உண்டு. ஆனால் சேலைக்கு மேலே நாம் காணும் முகமோ, பெரும்பாலும் ஐரோப்பிய நாட்டு அச்சைப் பின்பற்றி வார்த்த முகம். மேனி வெண்ணிறம், கண்கள் பல இடங்களில் நீலம். உடை நம்முடையது, முகம் வேறொரு நாட்டாருடையது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் பாட்டனும் பாட்டியும் அந்த முகத்தின் முன்தான் முழந்தாளிட்டுக் கண்ணீர் வடித்தார்கள். ஆதலால் அதுவே நமக்கும் அன்னையின் முகமாகிவிட்டது.

அந்தத் தொலைவை எண்ணிப் பார்த்த கத்தோலிக்க ஓவியர் ஒருவர் இந்திய மண்ணில் வாழ்ந்தார். எண்ணிப் பார்த்ததோடு நில்லாமல் அதைத் தூரிகையால் கடக்கவும் முயன்றார். அதற்காகப் பிறந்த ஊரைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது. ஆஞ்செலோ த ஃபொன்சேகா என்னும் அவ்வோவியரின் பெயர் நம் தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் அதிகம் அறியப்படாதது. அவர் கதை கோவாவில் தொடங்கிப் புனே நகரில் முடிகிறது. எனினும் அது எழுப்பும் வினா கோவைக்கும் கருமத்தம்பட்டிக்கும் உரியது. ஆகவே அவ்வாழ்வைச் சற்று விரிவாகக் காண்போம்.

கோவாவின் மைந்தர்

ஃபொன்சேகா 1902-ஆம் ஆண்டு கோவாவின் சாந்தோ எஸ்தெவாம் என்னும் தீவூரில், நிலவளம் கொண்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறந்தபோது கோவா போர்த்துக்கேயரின் ஆட்சிக்கு உட்பட்டு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1510-இல் அல்புகெர்க்கு அந்நகரைக் கைப்பற்றிய நாள் முதலாக, மறையும் மொழியும் உடையும் உணவும் அங்கே ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்தன. கிறிஸ்தவனாவது என்பது பெயரளவிலும் பழக்கத்திலும் போர்த்துக்கேயனை நெருங்குவது என்ற எண்ணம் வேரூன்றியது.

இதற்கு அரசும் விசாரணை மன்றமும் துணைநின்றன. 1684-இல் பிறந்த ஆணையொன்று, மூன்றாண்டுகளுக்குள் மக்கள் கொங்கணி மொழியைக் கைவிட்டுப் போர்த்துக்கேய மொழியைப் பேசவேண்டும் எனக் கட்டளையிட்டது. 1560 முதல் 1812 வரை, இடையில் ஒரு சில ஆண்டுகள் நீங்கலாக, கோவாவில் செயல்பட்ட விசாரணை மன்றம் 1736-இல் வெளியிட்ட அறிக்கை, கிறிஸ்தவர்களின் திருமணச் சடங்குகள், பாடல்கள், உடைகள் ஆகியவற்றில் இருந்த உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தது. கொங்கணி மொழி அழிந்துவிடவில்லை. வழக்கங்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆயினும், சொந்த மண்ணின் கோலத்தோடு ஆலயத்திற்குள் நுழைவது ஒருவகைக் குற்றம் என்ற அச்சம் மக்கள் உள்ளத்தில் தங்கிவிட்டது. தடை நீங்கி நூறாண்டு கடந்த பின்னரும் அச்சம் நீங்குவதில்லை. ஃபொன்சேகாவின் வாழ்க்கையில் பின்னர் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு நமக்கு இன்றியமையாதது.

ஒரே குருவின் இரு கிளைகள்

இளமையில் மருத்துவம் பயில பம்பாய்க்குச் சென்ற ஃபொன்சேகா, அப்படிப்பை இடையிலேயே விட்டு ஓவியம் பயிலத் தொடங்கினார். அந்நகரின் ஜே. ஜே. கலைப் பள்ளியில் ஐரோப்பிய முறைப்படி உருவங்களை வரையக் கற்பித்தார்கள். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. இந்திய ஆசிரியரிடம் இந்திய முறையில் பயிலவேண்டும் என்ற வேட்கை அவரை வங்காளத்திற்கு இட்டுச் சென்றது. அங்கே அவனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் ஆகிய இரு பேராசான்களின் வழியில் அவர் பயின்றார்.

அவனீந்திரநாத் யார் என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லவேண்டும். கவியரசர் தாகூரின் அண்ணன் மகன் முறையினர். ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்திற்கு மாற்றாக, முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்களையும் அஜந்தாவையும் நோக்கி இந்திய ஓவியர்களைத் திருப்பியவர். கல்கத்தாவிற்கு வந்த ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து நீர்வண்ணத்தை மென்மையாகப் படரவிடும் முறையை அவர் அறிந்துகொண்டார். வண்ணம் தீட்டிய தாளை மீண்டும் மீண்டும் நீரில் நனைத்து உலர்த்தி, அதன்மேல் மறுபடியும் வண்ணம் தீட்டுவது அம்முறை. அதனால் உருவங்கள் பனிமூட்டத்தினூடே தெரிவன போலத் தோன்றும். வெளிச்சமும் நிழலும் முட்டி மோதாமல் ஒன்றிலொன்று கரையும். தியானத்திற்கு ஏற்ற ஓவிய மொழி அது. ஃபொன்சேகா அதையே தம் மொழியாக ஏற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் கோவை மக்களாகிய நாம் நினைவுகூர வேண்டிய செய்தியொன்று உண்டு. அவனீந்திரநாத்தின் மற்றொரு மாணாக்கர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராகப் பொறுப்பேற்ற அவரிடம் பயின்றவர்தான், 1911-இல் கோவையில் மலையாளக் குடும்பமொன்றில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர். 1957-இல் தம் ஆசிரியரைத் தொடர்ந்து அப்பள்ளியின் முதல்வரான அவர், 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பணிக்கர் கிறிஸ்தவர் அல்லர். எனினும் 1951-இல் வரைந்த ஓவியமொன்றிற்கு மலைப்பொழிவில் சமாதானம் செய்வோரைப் பற்றி ஆண்டவர் உரைத்த பேற்றையே தலைப்பாக்கினார். கிறிஸ்துவின் உருவத்தையும் பலமுறை தம் ஓவியங்களில் நாடினார். மேலைக் கலையைப் பின்பற்றிக்கொண்டே இருந்தால் தமக்கென்று ஒரு குரல் அமையாது என உணர்ந்து, 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் நம் நாட்டு எழுத்துகளையும் சோதிடக் கட்டங்களையும் நினைவூட்டும் ஓவியங்களைப் படைத்தார்.

கோவாவில் பிறந்தவரும் கோவையில் பிறந்தவரும் ஒரே குருமரபின் இரு கிளைகள். 'நாம் யார்? நம் கோடு எது, நம் வண்ணம் எது?' என்ற ஒரே வினா இருவரையும் வாட்டியது. பணிக்கரின் தேடலை உலகம் பாராட்டியது. ஃபொன்சேகாவின் தேடலோ அவருடைய ஊரைப் பறித்துக்கொண்டது. அவர் தேடல் பீடத்தைத் தொட்டதே இந்த வேறுபாட்டின் காரணம்.

ஊர் கொடுத்த விடை

1930-களின் தொடக்கத்தில் ஃபொன்சேகா கோவாவிற்குத் திரும்பினார். கற்றதைப் பிறந்த மண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையோடு திரும்பினார். அவர் வரைந்த மரியா சேலை உடுத்தியிருந்தாள். மேனி நம்மவர் நிறம். கண்கள் தாழ்ந்து, உடல் அமைதியாக, மகனைத் தாங்கியிருந்த அந்தத் தாயை, கிணற்றடியிலும் வயல்வரப்பிலும் எவரும் கண்டிருக்கலாம். சூசையும் சீடரும் வானதூதரும்கூட இந்நாட்டு மனிதராகவே அவர் தாளில் தோன்றினார்கள்.

ஊரின் விடை கடுமையாக இருந்தது. ஆலய வட்டாரத்தின் கண்ணில் அவை புறச்சமயச் சாயல் கொண்ட படங்கள். சலாசாரின் கை ஓங்கி வந்த அக்காலத்துப் போர்த்துக்கேய ஆட்சியாளர் கண்ணில் அவை இந்திய விடுதலை இயக்கத்தின் வாடை வீசும் படங்கள். வங்காளத்தில் பயின்றவன், சேலை கட்டிய மாதாவை வரைகிறவன். ஐயம் கொள்ள அவ்வளவே போதுமானதாயிற்று. ஓவியர் கோவாவை விட்டுப் புறப்பட்டார். பின்னர்ச் சில வேளைகளில் வந்துபோயிருக்கலாமேயன்றி, அவர் வாழ்வு மீண்டும் அங்கே வேர்கொள்ளவில்லை.

எதிர்த்தவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுவது எளிது, அது நீதியன்று. நூற்றாண்டுகளாக ஒரு முகத்தின் முன் செபித்த மக்களுக்கு, அம்முகம் வெறும் மரமோ சுண்ணமோ அன்று. தாய் இறந்த நாளிலும் பிள்ளை பிறந்த நாளிலும் ஏறிட்டுப் பார்த்த முகம் அது. அதை மாற்றுகிறேன் என்று வருபவன், தங்கள் நினைவையே மாற்ற வருகிறான் என அவர்கள் அஞ்சினார்கள். அதோடு, பழைய வழக்கத்தை விட்டுவிலகுவதே கிறிஸ்தவ வாழ்வின் அடையாளம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களும் வரலாறு செய்த காயத்தைச் சுமந்தவர்களே. இரு தரப்பாருக்கும் நினைவு இருந்தது. விசாரணை மன்றத்திற்குப் பிந்திய நினைவை ஊரார் காத்தார்கள். அதற்கும் முந்திய நினைவை ஓவியர் தேடினார்.

புனேயில் அமைந்த கோவா

ஊரை இழந்த கத்தோலிக்க ஓவியருக்கு அடைக்கலம் அளித்தவர்கள் ஆங்கிலிக்கச் சபையினர் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி. ஜே. சி. வின்ஸ்லோ என்னும் ஆங்கிலேயக் குரு 1922-இல் அகமதுநகரில் தொடங்கிய கிறிஸ்த பிரேம சேவா சங்கம், பின்னர்ப் புனே நகரில் ஆசிரமமாக அமைந்தது. இந்திய எளிய வாழ்வும் செபமும் பணியும் இணைந்த இடம் அது. அங்கே தங்கிய ஃபொன்சேகா, தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் புனேயிலேயே கழித்தார். தம் மறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தம் திருச்சபையின் மீது கசப்பை வளர்க்கவும் இல்லை. ஓவியத்தை மட்டும் விடாமல் வளர்த்தார்.

மங்கள வார்த்தை, பிறப்பு, எகிப்துக்கு ஓடிப்போதல், இராவுணவு, சிலுவை என மீட்பின் நிகழ்ச்சிகளை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றுள் பெரிதும் இடம்பெற்றவள் அன்னையே. 1950-களில் இல்லறம் ஏற்ற பின்பு, அவர் வரைந்த அன்னையரின் முகத்தில் மனைவி ஐவியின் சாயல் படிந்தது. ஊரார் ஏற்க மறுத்த அன்னையை அவர் தம் வீட்டிற்குள்ளேயே கண்டடைந்தார் என்று நாம் கொள்ளலாம்.

நாடிழந்தவர்களின் கலையில் சினமும் புலம்பலும் மிகுந்திருப்பது இயல்பு. பாபிலோன் ஆற்றங்கரையில் யாழை மாட்டிவைத்துவிட்டு அழுத மக்களை நாம் அறிவோம். ஃபொன்சேகாவின் தாள்களிலோ அமைதியே மேலோங்கி நிற்கிறது. தம்மைத் துரத்தியவர்களை நோக்கி அவர் எதையும் வாதாடவில்லை. தாம் இழந்த ஊரை, அதன் மனிதரை, அவர்தம் நிறத்தையும் நடையையும் நற்செய்தியின் நடுவே குடியமர்த்தினார். கோவாவில் தமக்கு இடமில்லாது போயிற்று. கோவாவின் பெண்ணுக்கோ அவர் பெத்லகேமில் இடம் கொடுத்தார். சொந்தம் என்பது நிலத்தில் மட்டும் இருப்பதாக எண்ணுகிறோம். நம் முகத்தை ஆண்டவரின் அருகில் காணும்போது பிறக்கும் சொந்தம் ஒன்றும் உண்டு என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

திருச்சபை மெல்லத் திரும்பியது

அவர் தனித்து நின்றார் எனினும் முற்றிலும் துணையற்றவர் அல்லர். பம்பாய்ப் புனித சவேரியார் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய இயேசு சபைத் தந்தை என்றிக் ஏராசு, இந்தியக் கிறிஸ்தவக் கலையை ஊக்குவித்தார். அவர் பெயரால் அங்கே விளங்கும் ஆய்வு நிறுவனத்தில் ஃபொன்சேகாவின் ஓவியங்கள் பேணப்படுகின்றன. கோவா வழிவந்த ஆஞ்செலா திரிந்தாதே என்னும் பெண் ஓவியரும் அக்காலத்திலேயே பம்பாயில் இந்திய அன்னையை வரைந்தார்.

உரோமையிலும் காற்று மாறத் தொடங்கியிருந்தது. 1922-இல் சீன நாட்டிற்கு முதல் திருத்தந்தைப் பிரதிநிதியாகச் சென்ற செல்சோ கொஸ்தாந்தினி, ஐரோப்பியக் கோபுரங்களும் ஐரோப்பியப் படங்களும் கிறிஸ்துவைச் சீனருக்கு அந்நியராக்குகின்றன என்று கண்டார். அவர் தூண்டுதலால் சீன மரபில் விவிலியக் காட்சிகளை வரையத் தொடங்கிய ஓவியர் சென், 1932-இல் திருமுழுக்குப் பெற்று, ஓவியர்களின் பாதுகாவலராம் லூக்காவின் பெயரையே தம் பெயராக ஏற்றார். ஒருவர் படம் வரைந்தே கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்தார். அதே ஆண்டுகளில் மற்றொருவர் படம் வரைந்ததால் தம் ஊரைவிட்டு விலக்கப்பட்டார்! ஒரே திருச்சபைக்குள் ஒரே காலத்தில் இவ்விரண்டும் நிகழ்ந்தன.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றிய தன் முதல் ஏட்டை வெளியிட்டது. எந்த ஒரு கலைப் பாணியையும் தனக்கே உரியதாகத் திருச்சபை கொண்டதில்லை என்றும், ஒவ்வொரு காலத்தின், ஒவ்வொரு மக்களினத்தின் கலைக்கும் இடமுண்டு என்றும் அவ்வேடு விளக்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எதற்காக ஃபொன்சேகா ஊரை இழந்தாரோ, அது இப்போது திருச்சபையின் போதனையாயிற்று. இதற்கிடையே 1961 டிசம்பரில் கோவாவும் போர்த்துக்கேயரிடமிருந்து விடுபட்டிருந்தது. ஆயினும் அவர் புனேயிலேயே இருந்தார். 1967-இல் அங்கேயே மறைந்தார். அதே 1967-இல்தான், நம் தமிழகத் திருச்சபை ஈந்த தந்தை அமலோர்பவதாஸ் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கி, பண்பாட்டுமயமாதலுக்குப் பெரியதொரு வாயிலைத் திறந்தார். ஒரு கதவு திறக்கும் ஓசையை மற்றவர் கேட்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான ஓவியங்களை மனைவி பல்லாண்டு காத்தார். பின்னாளில் அவை கோவாவின் போர்வோரிம் ஊரில் இயேசு சபையார் நடத்தும் சவேரியார் வரலாற்று ஆய்வு மையத்திற்கு வந்து சேர்ந்தன. ஓவியர் திரும்பாத ஊருக்கு ஓவியங்கள் திரும்பின.

கொங்கு மண்ணின் கதை

இக்கதை நமக்கு எவ்வாறு உரியது? நம் மறைமாவட்டத்தின் தொடக்கமே இதற்கு விடை சொல்லும். 1846 அக்டோபரில் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சு நாட்டவர். இந்நாட்டுத் திருச்சபை இந்நாட்டுக் குருக்களாலேயே வழிநடத்தப்பட வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. நாட்டு வழக்கங்களை எந்த அளவிற்கு ஏற்பது என்னும் வினா அவர் மனத்தை ஓயாது உறுத்தியது. உடன் உழைத்தோர் பலர் அவருடன் ஒத்துப்போகவில்லை. 1855-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தோற்றுவித்தார். 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுனில் கொள்ளைநோய்க்கு இரையானார். அவர் விலகிச் சென்று எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1940-இல்தான் தமிழர் ஒருவர், உபகாரசாமி ஆண்டகை, கோவை ஆயரானார்.

பீடத்தில் நிற்கும் குருவின் முகம் நம்மவர் முகமாக மாறுவதற்கே அத்தனை காலம் ஆயிற்று. இன்று அது நமக்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது! தமிழ்க் குரு திருப்பலி நிறைவேற்றுவது புனிதத்தைக் குறைத்துவிடும் என்று இன்று யார் சொல்வார்? பீடத்திற்கு மேலே உள்ள முகத்தைப் பற்றி மட்டும் ஏன் இன்னமும் தயங்குகிறோம்?

தமிழகத்திற்கு இது புதியதும் அன்று. வீரமாமுனிவர் கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுவினார். கொங்கின் கிழக்கு எல்லையோரம், குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் 1950-இல் மோன்சானின், லெ சோ என்னும் இரு பிரெஞ்சுத் துறவியர் தொடங்கிய சாந்திவனத்தின் ஆலயம் நம் கோபுரக் கலையை ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டார் நம் கலையை நாடி வந்தார்கள். நாமோ வெளிநாட்டு அச்சையே நாடி நின்றோம்.

யாருடைய முகம்?

இங்கே நேர்மையாக எழுப்பவேண்டிய எதிர்வினா ஒன்று உண்டு. இந்திய முகம் என்று சொல்கிறோமே, அது யாருடைய முகம்? அவனீந்திரநாத் வகுத்த பாணி அரசவைச் சிற்றோவியத்திலும் அஜந்தாவின் அரசிளங்குமரரிலும் வேர்கொண்டது. ஃபொன்சேகாவின் அன்னை அமைதியும் நளினமும் மிக்கவள். வெயிலில் வெந்து கல் உடைக்கும் பெண்ணை அவளிடம் எளிதில் காணமுடியாது. 1980-களில் எழுந்த தலித் இறையியல் இவ்வினாவை உரக்கவே கேட்டது. ஐரோப்பிய முகத்தை எடுத்துவிட்டு உயர்குலத்தின் முகத்தை வைப்பதால் ஒடுக்கப்பட்டோர்க்கு என்ன விடிவு? ஐரோப்பிய முகமாவது எல்லாச் சாதியார்க்கும் ஒரே தொலைவில் இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. கல்லறைத் தோட்டத்திலும் தேர்ப்பவனியின் பாதையிலும் சாதி பார்த்த வரலாறு தமிழகத் திருச்சபைக்கு இருக்கையில், இவ்வாதத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட இயலாது.

எனினும் இவ்வாதம் ஃபொன்சேகாவின் வழியை அடைப்பதில்லை. அதை இன்னும் நீட்டுகிறது. தம் மக்களின் முகத்தில் அன்னையைக் காணத் துணிந்தவர் ஒரு கதவைத் திறந்தார். அக்கதவின் வழியே சாயப்பட்டறைப் பெண்ணும், பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிய கொங்குப் பாட்டியும், தேயிலைக் கூடை சுமக்கும் மலைநாட்டுத் தாயும் வரவேண்டும். இத்தாலியர் தம் ஊர்ப் பெண்ணை வரைந்தார்கள். பிளாந்தர் நாட்டார் வானதூதர் வந்திறங்கிய அறையைத் தம் வீட்டு அறையாகவே வரைந்தார்கள். மெக்சிகோ நாட்டார் குவாதலூப்பே அன்னையைத் தம் மண்ணின் நிறத்தில் போற்றுகிறார்கள். அவர்கள் யாரும் பிறர் முகத்தை இகழ்ந்ததில்லை. தம் முகத்தைக் கண்டு கூசவும் இல்லை.

இடம்பெயர்ந்தோரின் சுவரில்

ஊரிழப்பு என்பது நமக்குப் பழங்கதையும் அன்று. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்த நம் உடன்பிறப்புகள் பவானிசாகர் முகாமிலும் பூலுவபட்டி முகாமிலும் பல்லாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். கடல் கடந்து வந்தவர்களுள், மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கர் மடு மாதாவின் நினைவைத் தம்மோடு கொண்டுவந்தார்கள். அம்மாதாவின் சுரூபமே இடம்பெயர்ந்த சுரூபம்தான். 1670-இல் ஒல்லாந்தரின் கொடுமைக்கு அஞ்சிய விசுவாசிகள் மாந்தையிலிருந்து அதைக் காட்டிற்குள் எடுத்துச் சென்றதே மடுத் திருத்தலத்தின் தோற்றம். 2008 ஏப்ரலில் போரின் நடுவே அது மீண்டும் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது.

ஓடிப்போகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வது எதை என்று பார்த்தால், தாங்கள் யார் என்பதைத் தங்களுக்கே நினைவூட்டுகிற ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். படம் அவர்களுக்கு அலங்காரம் அன்று, அது வீடு. மடு மாதாவின் முகம் எந்த நாட்டு அச்சு என்று அம்மக்கள் கேட்பதில்லை. அது தங்களோடு ஓடி வந்த முகம், அது போதும். ஃபொன்சேகாவை எதிர்த்த கோவா மக்களின் அச்சத்தில் இருந்த உண்மை இதுவே. ஃபொன்சேகாவின் தூரிகையில் இருந்த உண்மையும் இதுவே. அன்னை நம்மோடு வந்தவள் என்று ஒருவர் சொல்கிறார்; அன்னை நம்மைப் போன்றவள் என்று மற்றவர் சொல்கிறார். இரண்டும் ஒரே ஏக்கத்தின் இரு குரல்கள். ஒரு குரல் மற்றொன்றை ஊரைவிட்டு ஓட்டியதுதான் பிழை.

ஆகவே பழைய சுரூபங்களை அகற்றுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவை நம் முன்னோரின் கண்ணீரால் புனிதமானவை, அவை இருக்கட்டும். அவற்றின் அருகே இன்னொரு படத்திற்கும் இடம் உண்டா என்பதே நம் கேள்வி. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் பிள்ளைகள் சோளத்தட்டும் வைக்கோலும் கொண்டு குடில் கட்டுகிறார்கள். மாடும் ஆடும் நம் பட்டியில் நிற்பவை போலவே அமைகின்றன. எல்லாம் நம் ஊராகிவிட்ட அக்குடிலில், நடுவே இருக்கும் மூவர் மட்டும் அயலூராராக அமர்ந்திருக்கிறார்கள். இவ்வாண்டு மறைக்கல்வி வகுப்பில் அன்னையை வரையச் சொல்லும்போது, பழைய அட்டைப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லாமல், தன் தாயைப் பார்த்து வரையும்படி ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பார்ப்போம். அப்பிள்ளை கொண்டுவரும் தாளைப் பங்கின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு நாம் தயங்காதிருந்தால், நம்மிடையே மற்றொரு ஃபொன்சேகா ஊரைவிட்டுப் போகவேண்டிய தேவை இராது.